சொந்த மண்ணில் காலி இருக்கைகள்: இளையோர் ஹாக்கிப் போட்டிகளுக்கு உள்ளூர் ரசிகர் வராமல் போவது ஏன்?

2022 ஆகஸ்ட் 20 அன்று கனடாவின் எட்மன்டன் நகரில் இளையோர் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. இரண்டு கோல் முன்னிலையைக் கனடா பறிகொடுத்திருந்தது. பின்லாந்து வீரர் அடித்த பந்துவட்டு கோல்காப்பாளரைத் தாண்டி, காற்றில் மிதந்து கோல் கோட்டை நோக்கி இறங்கியபோது, கனடா அணித்தலைவர் மேசன் மெக்டாவிஷ் பின்னால் ஓடிவந்து, மட்டையை வீசி அதைக் கோட்டின் விளிம்பிலேயே தட்டிவிட்டார். சற்று நேரத்தில் கென்ட் ஜான்சன் மறுமுனையில் கோல் அடித்தார். 3-2 என்று கனடா வென்றது.

இப்படியோர் ஆட்டம், இந்த விளையாட்டைத் தன் உயிராகக் கருதும் நாட்டில், 18,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கில் நடந்தும், இடங்கள் முழுதாக நிரம்பவில்லை. இறுதி ஆட்டத்துக்காவது கணிசமான கூட்டம் வந்தது. முதல் சில நாள்களில் நடந்த பல ஆட்டங்களில் வரிசை வரிசையாக இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. கனடா ஆடிய ஆட்டங்களுக்கும் இதே நிலைதான். வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று நீளும் பாலக்காட்டு எல்லைப் பகுதியில், அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் பாக்குமரமும் கட்டிய கேலரியில் தொடை உரச உட்கார்ந்து, அணிக்கு ஏழு பேர் ஆடும் இரவு செவன்ஸ் கால்பந்து பார்த்துப் பழகிய வாசகருக்கு இந்தச் செய்தி எளிதில் பிடிபடாது. ஆட்டத்தின் மீது இவ்வளவு பற்றுள்ள மக்கள், தங்கள் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஆடும்போது ஏன் வீட்டில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அடிப்படையிலிருந்து தொடங்கி விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த ஹாக்கி, எந்தப் போட்டி

நம் நாட்டில் ஹாக்கி என்றால் புல்தரையில் அல்லது செயற்கைத் தரையில் பதினோரு பேர் ஆடுவது. கனடாவில் ஹாக்கி என்ற சொல்லுக்கு ஐஸ் ஹாக்கி என்ற ஒரே பொருள்தான் வழக்கில் உண்டு. சறுக்குக் காலணி அணிந்து பனித்தளத்தில், கோல்காப்பாளர் உட்பட அணிக்கு ஆறு பேர், பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றை அடித்து ஆடுவார்கள். அந்த வட்டுக்குப் பக் என்று பெயர்.

20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியைச் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 1977 முதல் ஆண்டுதோறும் நடத்திவருகிறது. பத்து நாடுகள் ஆடும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 அன்று தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். இந்தத் தேதி தற்செயலாக அமைந்ததன்று. பள்ளிகளுக்கு விடுமுறை, வெளியே உறைபனி, உறவினர் எல்லாம் ஒரே வீட்டில் கூடியிருக்கும் நாள்கள், வயது வந்தோரின் தொழில்முறை ஆட்டங்களுக்குச் சிறு இடைவேளை என அனைத்தும் அந்த வாரத்தில் ஒன்றுகூடுகின்றன. நமக்குப் பொங்கலை ஒட்டிய ஊர்ப் போட்டிகள் எப்படியோ, கனடாக் குடும்பங்களுக்கு இந்தப் போட்டி அப்படி ஆகிவிட்டது.

எப்போதும் அப்படி இருந்ததாகவும் சொல்ல முடியாது. 1987-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பியஷ்ட்யானி நகரில் கனடா வீரர்களும் சோவியத் வீரர்களும் ஒட்டுமொத்தமாகக் கைகலப்பில் இறங்க, அரங்கின் விளக்குகளையே அணைத்தும் சண்டை அடங்காமல், இரு அணிகளும் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. அதுவரை இந்தப் போட்டியைப் பெரிதாகக் கவனிக்காத கனடா மக்கள் அதன்பின் கவனிக்கத் தொடங்கினர். 1991-இல் டிஎஸ்என் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையைப் பெற்ற பிறகு அது நாட்டின் வருடாந்தரச் சடங்காக மாறியது.

இதிலிருந்து எழுந்த பொருளாதாரம் முக்கியமானது. ஐரோப்பிய நகரங்களில் இந்தப் போட்டி நடக்கும்போது, உள்ளூர் அணி ஆடாத ஆட்டங்களுக்கு மிகச் சிறிய கூட்டமே வரும். கனடாவில் மட்டும், பெரிய அரங்குகளில், கனடா ஆடாத ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்க முடிந்தது. ஆகவே ஏறத்தாழ ஓராண்டு விட்டு ஓராண்டு போட்டி கனடாவுக்கே வந்தது. அதில் கிடைக்கும் லாபம் ஹாக்கி கனடா என்ற தேசியச் சங்கத்துக்கும் அதன் மாகாணக் கிளைகளுக்கும் இளையோர் கழக அமைப்புகளுக்கும் போகும். சுருக்கமாகச் சொன்னால், கனடா ரசிகர் கட்டாயம் வருவார் என்ற அனுமானத்தின் மீதே இந்தப் போட்டியின் வரவு செலவுக் கணக்கு எழுதப்படுகிறது. அந்த அனுமானம் பொய்த்த ஆண்டு 2022.

கூட்டத்தை எப்படி எண்ணுகிறார்கள்

காரணங்களுக்குள் போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை தேவை. பார்வையாளர் எண்ணிக்கை என்று அறிவிக்கப்படுவது மூன்று வெவ்வேறு எண்களில் ஒன்றாக இருக்கலாம்: விற்கப்பட்ட அல்லது வழங்கப்பட்ட டிக்கெட்டுகள், நுழைவாயிலில் உள்ளே விடப்பட்டவர்கள், இருக்கையில் உண்மையாகவே அமர்ந்திருந்தவர்கள். வட அமெரிக்காவில் அறிவிக்கப்படும் எண் பெரும்பாலும் முதல் வகை. அதனால் அறிவிப்பில் பல ஆயிரம் என்றிருக்கும்; திரையில் பார்த்தால் சில நூறு பேர் தெரிவார்கள். இரண்டும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சியும் ஏமாற்றும். முதன்மைக் கேமரா அரங்கின் ஒரு பக்கத்தில் உயரத்தில் நிலையாக வைக்கப்பட்டிருக்கும். அதன் பார்வையில் ஆட்டம் முழுவதும் விழுந்துகொண்டே இருப்பவை எதிர்ப்பக்கத்துக் கீழ்வரிசைகள். அவைதான் விலை மிகுந்தவை. நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுப்பவை. அப்படி இலவசமாகக் கிடைத்த டிக்கெட்டை வைத்திருப்பவர் கூட்டநெரிசல் உள்ள நாளில் வருவார், மற்ற நாளில் வரமாட்டார். தன் பணத்தைக் கொடுத்து மேல்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவர் கேமராவுக்குத் தெரியவே மாட்டார். ஆனாலும் எட்மன்டனில் காலியாகத் தெரிந்ததைக் கேமராவின் கோணம் என்று ஒதுக்கிவிட இயலாது. மேல்வரிசைகளும் காலியாகவே இருந்தன.

எட்மன்டன் 2022: நான்கு காரணங்கள், சம எடை இல்லை

1. மாதம். இந்தப் போட்டி முதலில் 2021 டிசம்பர் 26 அன்று எட்மன்டனிலும் ரெட் டியர் என்ற சிறு நகரிலும் தொடங்கியது. அணிகளுக்குள் கொரோனா பரவியதால் டிசம்பர் 29 அன்றே நிறுத்தப்பட்டது. மீண்டும் முதலிலிருந்து 2022 ஆகஸ்ட் 9 முதல் 20 வரை நடத்தினார்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தில் கோடை மிகக் குறுகியது. மக்கள் ஏரிக்கரைக்கும் மலைக்கும் போகும் நாள்கள் அவை. கர்க்கடக மழை கொட்டும் மாதத்தில், வயலில் நாற்று நிற்கும்போது, யாரேனும் செவன்ஸ் போட்டி அறிவித்தால் பாலக்காட்டில் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆட்டத்துக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. ரசிகரின் உடலும் மனமும் அந்தப் பருவத்துக்குப் பழகியிருக்கின்றன. டிசம்பரில் ஆடிய சில முன்னணி இளைஞர்கள் ஆகஸ்டுக்குள் தொழில்முறைக் கழகங்களுக்குப் போய்விட்டதும் இதனோடு சேர்ந்துகொண்டது.

2. ஒரே ஊர். 2021 ஜனவரியில் முடிந்த முந்தைய போட்டியும் எட்மன்டனில்தான் நடந்தது. தொற்றுக் காலம் என்பதால் பார்வையாளருக்கு அனுமதியே இல்லை. அடுத்த டிசம்பரில் அனுமதித்தார்கள். ஆனால் பெரிய அரங்குகளில் பாதி இருக்கைகளுக்கு மேல் நிரப்பக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்து, பின்னர் போட்டியே நின்றது. மூன்றாம் முறையாக ஆகஸ்டில் அதே ஊர் மக்களைக் கூப்பிட்டார்கள். ரெட் டியரும் இம்முறை கைவிடப்பட்டதால், சிறு அரங்கில் நிறைந்திருக்கக்கூடிய ஆட்டங்களும் 18,000 இருக்கைகளுக்கு நடுவே நடந்தன.

3. விலை. இது எட்மன்டனில் புதிதாகத் தோன்றிய சிக்கலன்று. 2015-இலும் 2017-இலும் டொரண்டோவும் மான்ட்ரியலும் சேர்ந்து நடத்தியபோதே காலி இருக்கைகள் பேசுபொருளாயின. தொழில்முறை அணிகளின் மாபெரும் அரங்குகளை எடுத்து, தொழில்முறை ஆட்டத்துக்கு நெருங்கிய விலையை வைத்து, பல ஆட்டங்களைச் சேர்த்துத் தொகுப்பாக விற்றார்கள். தொகுப்பு முறையில், கனடா ஆடும் ஒரு மாலையைப் பார்க்க விரும்பும் தந்தை, தான் பார்க்க வாய்ப்பில்லாத நான்கு பிற்பகல் ஆட்டங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். ஒரு குடும்பம் என்றால் அதை நான்கால் பெருக்க வேண்டும். பெரிய நகரத்துக்காரருக்கு ஆண்டு முழுவதும் பெரியவர்களின் ஆட்டம் இருக்கிறது. பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அதே விலையைக் கொடுக்க அவர் தயங்கியதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

4. நம்பிக்கை. மேற்சொன்ன மூன்றும் ஓரளவு கூட்டத்தைக் குறைத்திருக்கும். அரங்கையே வெறிச்சோட வைத்ததில் நான்காவதற்குத்தான் பெரும் பங்கு என்பது என் கணிப்பு. அதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

2018 ஜனவரியில் கனடா இளையோர் அணி தங்கப் பதக்கம் வென்றது. அதைக் கொண்டாட அவ்வாண்டு ஜூனில் ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் ஒரு விருந்து நடந்தது. அன்றிரவு ஒரு விடுதியில், அந்த அணியைச் சேர்ந்தோர் உட்பட சில வீரர்கள் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக ஒரு பெண் 2022-இல் வழக்குத் தொடுத்தார். ஹாக்கி கனடா அந்த வழக்கைச் சில வாரங்களிலேயே பணம் கொடுத்து முடித்துக்கொண்டது என்பதை அவ்வாண்டு மே மாதம் டிஎஸ்என் வெளிக்கொணர்ந்தது. ஜூனில் நாடாளுமன்றக் குழு சங்க நிர்வாகிகளை அழைத்து விசாரித்தது. அரசு தன் நிதியுதவியை நிறுத்திவைத்தது.

ஜூலையில் வெளியான செய்தி இன்னும் ஆழமாகத் தைத்தது. இத்தகைய புகார்களைத் தீர்ப்பதற்கு ஹாக்கி கனடா ஒரு தனி நிதியைப் பயன்படுத்தி வந்தது என்பதும், 1989 முதல் ஒன்பது சமரசங்களுக்காக 76 லட்சம் கனடா டாலர் அதிலிருந்து கொடுக்கப்பட்டது என்பதும், அந்த நிதியில் ஒரு பகுதி விளையாட்டில் சேரும் குழந்தைகளுக்குப் பெற்றோர் கட்டும் பதிவுக் கட்டணத்திலிருந்து வந்தது என்பதும் நாடாளுமன்றக் குழுவின் முன் தெரியவந்தன. ஏழு வயதுப் பெண் குழந்தையை விடியற்காலையில் எழுப்பி, உறைபனியில் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் தாய் கட்டிய பணம் அது. அந்தத் தாய்தான் இந்தப் போட்டிக்கு டிக்கெட் வாங்க வேண்டிய சொந்த ஊர் ரசிகர்.

இங்கே நீதியின் பொருட்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பின்னாளில் அந்தச் சம்பவம் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து வீரர்களையும் ஒன்டாரியோ நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று விடுதலை செய்தது. ஆகவே 2022 ஆகஸ்டில் வராமல் போனவர்கள் அந்த இளைஞர்களைத் தண்டித்தார்கள் என்று பொருள் கொள்வது தவறு. அவர்களின் கேள்வி சங்கத்தை நோக்கியது: எங்கள் பணம் எதற்குப் போகிறது, யாரைக் கேட்டு அங்கே போகிறது?

விளம்பரதாரர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். டிம் ஹார்டன்ஸ், ஸ்கோஷியா வங்கி, கனேடியன் டயர், டெலஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆதரவை நிறுத்திவைத்தன. ஐஸ் ஹாக்கித் தளத்தைச் சுற்றி இடுப்பளவுக்கு மேல் ஒரு பலகைச் சுவர் இருக்கும். வழக்கமாக அதில் ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடமாட்டார்கள். வங்கி, வாகனம், காப்பிக்கடை என்று நிறம் நிறமாக ஒட்டியிருக்கும். எட்மன்டனில் அந்தச் சுவரில் வழக்கமான வணிகப் பெயர்கள் இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்த நீளமான பரப்பும், அதற்குப் பின்னால் காலியாக இருந்த இருக்கைகளும் ஒரே சட்டகத்தில் விழுந்தன. ஆட்டத்தின் விளக்கவுரையாளர் எதுவும் சொல்லாமலே அந்தப் படம் நடந்ததைச் சொல்லிவிட்டது.

நூரணி மைதானத்தில் நடந்தது

பணம் எங்கே போகிறது என்ற கேள்வி கூட்டத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு, எட்மன்டனுக்கு நேர் எதிரான ஓர் எடுத்துக்காட்டு நம் பகுதியிலேயே உண்டு. பாலக்காட்டைச் சேர்ந்த ஆர். தனராஜ், கொல்கத்தாவின் பெரிய கால்பந்துக் கழகங்களுக்கு ஆடியவர். 2019 டிசம்பர் இறுதியில் பெரிந்தல்மண்ணையில் நடந்த செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே நெஞ்சு வலியால் சரிந்து உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட, 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணி மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடானது. இந்தியாவின் முன்னாள் கால்பந்து நட்சத்திரங்கள் பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே, தற்காலிகமாகக் கட்டிய கேலரி ஆட்களின் பாரம் தாங்காமல் சரிந்து, ஏறத்தாழ ஐம்பது பேர் காயமடைந்தனர்.

பாதுகாப்பில் அது பெரும் தவறு; இப்படி நடக்கவிட்டிருக்கக் கூடாது. ஆனால் கூட்டத்தின் உளவியலைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்தப் பணம் எந்த வீட்டு வாசலைச் சென்றடையும் என்று தெரியும். பரிசு இல்லை, பட்டம் இல்லை, வெற்றி தோல்விக்குப் பொருள் இல்லை. இருந்தும் கேலரி தாங்கவில்லை. எட்மன்டனில் உலகப் பட்டமே இருந்தது; இருக்கைகள் காலியாக இருந்தன.

நான்கு மாதம் கழித்து நிறைந்த அரங்கு

ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க, அதை மாற்றுச் சூழலில் வைத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை தானாகவே நடந்தது. அடுத்த போட்டி ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க், ஓம்ஸ்க் நகரங்களில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் போரை அடுத்து அது பறிக்கப்பட்டு, கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள ஹாலிஃபாக்ஸுக்கும் மாங்டனுக்கும் தரப்பட்டது. 2022 டிசம்பர் 26 அன்று தொடங்கியது. கனடா ஆடிய ஆட்டங்களில் அரங்கு நிரம்பி வழிந்தது. 2023 ஜனவரி 5 அன்று செக் அணியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று கனடா மீண்டும் தங்கம் பெற்றது.

பலர் இதற்கு கானர் பெடார்ட் என்ற 17 வயது வீரரைக் காரணமாகச் சொன்னார்கள். ஏழே ஆட்டங்களில் 23 புள்ளிகள் (தான் அடித்த கோல்களும் பிறர் அடிக்க உதவிய கோல்களும் சேர்ந்து) எடுத்த அவருடைய ஆட்டம் வியக்கத்தக்கதுதான். ஆனால் அவர் ஆகஸ்டில் எட்மன்டனிலும் ஆடினார். அப்போது அவரைப் பார்க்க அரங்கு நிறையவில்லை. எனவே நட்சத்திர வீரர் இருந்தால் கூட்டம் தானாக வரும் என்ற வாதம் நிற்கவில்லை.

மாறியவை மூன்று. ஒன்று, போட்டி தன் பழைய மாதத்துக்குத் திரும்பியது. இரண்டு, தொழில்முறை அணி இல்லாத, இத்தகைய நிகழ்ச்சி அரிதாக வரும் நகரங்களுக்கு, ஹாலிஃபாக்ஸில் பத்தாயிரம் சொச்சம் இருக்கைகளே உள்ள அரங்குக்குப் போனது. மூன்று, இடைப்பட்ட அக்டோபரில் கியூபெக் மாகாணச் சங்கம் தன் பங்குப் பணத்தை அனுப்ப மறுத்தது, விளம்பரதாரர்கள் மேலும் விலகினர், இறுதியில் 2022 அக்டோபர் 11 அன்று ஹாக்கி கனடாவின் தலைமை நிர்வாகியும் ஆட்சிக்குழு முழுவதும் பதவி விலகினர். இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்து எடைபோட வழியில்லை. மாதமும் அரங்கின் அளவும் மட்டுமே காரணம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு என் பதில்: கோடையில் கூட்டம் குறையும் என்பது தெரிந்த கணக்கு, விளம்பரதாரர் எவரும் வெயிலுக்காக ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதில்லை.

சொந்த ஊர் ரசிகர் என்பவர் யார்

எல்லையோரத்தில் வாழ்பவருக்கு இன்னொரு கோணம் உடனே புலப்படும். அரங்கு எந்த நாட்டில் இருக்கிறது என்பதை வைத்துச் சொந்த ஊர் ரசிகரைத் தீர்மானிக்க முடியாது. கோபாலபுரத்திலோ வாளையாரிலோ சோதனைச் சாவடியைத் தாண்டி லாட்டரிச் சீட்டு வாங்கிவருவதும், செவன்ஸ் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வண்டி கட்டிப் போவதும் இங்கே இயல்பு. அமெரிக்காவின் பஃபலோ நகரம் அத்தகைய எல்லை ஊர். நயாகரா ஆற்றின் மேலுள்ள அமைதிப் பாலத்தைக் கடந்தால் கனடா. டொரண்டோ நகரம் சாலை வழியே சுமார் 160 கிலோமீட்டர்.

பஃபலோ இந்தப் போட்டியை இரு முறை நடத்தியது. 2011-இல் அரங்கில் உட்கார்ந்திருந்தோரில் பெரும்பாலோர் பாலம் கடந்து வந்த கனடாக்காரர்கள். பெயரளவில் அது அமெரிக்காவின் போட்டி; இருக்கைகளின் கணக்கில் அது கனடாவின் போட்டி. இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் முன்னிலையில் இருந்த கனடா, கடைசிப் பகுதியில் ரஷ்யாவிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றதை அந்தச் சிவப்புச் சட்டைக் கூட்டம் வாயடைத்துப் பார்த்தது.

அதை நம்பி 2018-இலும் பஃபலோவுக்குக் கொடுத்தார்கள். இம்முறை பல ஆட்டங்களில் இருக்கைகள் காலியாக இருந்தன. இடையில் மாறியது பணத்தின் மதிப்பு. 2011 தொடக்கத்தில் கனடா டாலரும் அமெரிக்க டாலரும் ஏறத்தாழ சமம். 2017 இறுதியில் ஒரு கனடா டாலருக்குச் சுமார் 80 அமெரிக்க சென்ட்தான். டிக்கெட், விடுதி, சாப்பாடு எல்லாமே அமெரிக்க டாலரில். எல்லை கடக்கும் ரசிகருக்கு ஒவ்வொரு செலவும் கால் பங்கு ஏறிவிட்டது. கனடாக்காரர் குறைந்தபோது, அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு உள்ளூர் அமெரிக்கர் வரவில்லை. அதே போட்டியில் 2017 டிசம்பர் 29 அன்று திறந்தவெளி அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில், பனி கொட்டக் கொட்ட நடந்த அமெரிக்கா–கனடா ஆட்டத்துக்கு மட்டும் 44,592 பேர் என்று அறிவிக்கப்பட்டது. ஒரே ஊர், ஒரே வாரம். அரிய நிகழ்ச்சிக்குப் பனியையும் பொறுத்துக்கொண்டு நின்றவர்கள், சாதாரண ஆட்டத்துக்குச் சூடான அரங்கில் வந்து அமரவில்லை.

சென்னை, மதுரை: டிக்கெட் இலவசமானால்

விலைதான் சிக்கல் என்றால் விலையையே நீக்கிவிடலாமே என்ற எண்ணம் எழும். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆண்கள் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியில் பார்வையாளருக்கு அனுமதி இலவசம். இது புல்தரை ஹாக்கி. 21 வயதுக்கு உட்பட்டோருக்கானது. முதல் முறையாக 24 அணிகள். சென்னையில் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம், மதுரையில் இதற்காகவே எழும்பிய புதிய மைதானம். அப்போது இந்திய அணியின் பயிற்சியாளர் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ் என்பதால், எல்லையின் இரு பக்கத்தாருக்கும் இது சொந்த அணியே.

இலவச அனுமதி நல்ல முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. பள்ளி மாணவர் ஒருவர் உலகத்தரம் வாய்ந்த ஆட்டத்தைக் கைக்காசு இல்லாமல் பார்க்க முடிந்தது. ஆனால் அதன் இயங்குமுறையைப் புரிந்துகொள்வது அவசியம். பணம் கொடுத்தவர் மழை பெய்தாலும் வருவார், ஏனெனில் வராவிட்டால் இழப்பு. இலவசமாகப் பதிவு செய்தவருக்கு வராமல் இருப்பதில் செலவே இல்லை. எனவே இலவசப் போட்டியில் பதிவு எண்ணிக்கைக்கும் வருகைக்கும் இடைவெளி இயல்பாகவே கூடும். கூட்டத்தைத் தீர்மானிப்பவை வேறாகிவிடும்: எந்த அணி, எந்த நேரம், எப்படிப் போவது, இரவில் திரும்பப் பேருந்து உண்டா.

எந்த அணி என்பதில் இந்தப் போட்டி தொடக்கத்திலேயே ஓர் அடியை வாங்கியது. இந்தியாவின் பிரிவில் இருந்த பாகிஸ்தான் விலகிக்கொள்ள, ஓமன் சேர்க்கப்பட்டது. மதுரையில் நடந்த அந்த ஆட்டத்தில் இந்தியா 17-0 என்று வென்றது. முதல் ஆட்டத்தில் சிலியை 7-0 என்றும், மதுரையிலேயே சுவிட்சர்லாந்தை 5-0 என்றும் வென்றது. வெற்றி மகிழ்ச்சிதான், ஆனால் முடிவு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும் ஆட்டத்துக்கு, பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது கடினம். இந்தியா மொத்தம் ஆடியது ஆறு ஆட்டங்கள். பிற ஆட்டங்கள் எல்லாம், பெயரையே புதிதாகக் கேட்கும் வெளிநாட்டு இளைஞர்கள் மோதியவை. அந்த வாரத்தில்தான் டிட்வா புயலின் மழையும் சென்னையை நனைத்தது. காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் வென்று, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்று, அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றபோதுதான் இந்தியாவின் ஆட்டங்கள் நாடகமாயின.

செங்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 150 கிலோமீட்டர். பஃபலோவுக்கு டொரண்டோ இருக்கும் தொலைவுதான். அங்கே பாலம் கடந்து ஆயிரக்கணக்கானோர் போன பழக்கம், ஆண்டுதோறும் நடக்கும் போட்டியாலும் இருபதாண்டுத் தொலைக்காட்சியாலும் உருவானது. இங்கே இந்தப் போட்டி டெல்லி 2013, லக்னோ 2016, புவனேசுவரம் 2021 என்று வெகுதூரத்தில் நடந்துவிட்டுத் தெற்கே இப்போதுதான் வந்தது. புவனேசுவரத்தில் தொற்றுக் காலம் என்பதால் ரசிகருக்கு அனுமதியும் இல்லை. இலவச டிக்கெட்டை ஒரே நாளில் அறிவிக்கலாம். குடும்பமாக ஹாக்கி பார்க்கப் புறப்படும் பழக்கம் அறிவிப்பால் வருவதில்லை.

விளைவுகள்

1. பணம். கனடாவில் இந்தப் போட்டியின் லாபமே மாகாணங்களின் குழந்தைகள் பயிற்சிக்கு ஒரு பகுதி கொடுக்கிறது. இருக்கைகள் காலியானால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் சிற்றூர்ப் பனித்தளம்தான் முதலில் பாதிக்கப்படும். தவறு செய்த நிர்வாகி பாதிக்கப்படுவது அதற்குப் பிறகே.

2. இடத் தேர்வு. பெரிய நகரம், பெரிய அரங்கு, பெரிய வருமானம் என்ற கணக்கு தளர்ந்து, சிறிய அரங்கை நிரப்புவதே மேல் என்ற பாடத்தை ஹாலிஃபாக்ஸ் கொடுத்தது.

3. ஆடுபவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞருக்கு நாட்டின் சட்டை அணிவது வாழ்நாளில் ஓரிரு முறை கிடைக்கும் வாய்ப்பு. லாத்வியா அணி 2022 ஆகஸ்டில், ரஷ்யா விலக்கப்பட்டதால் கிடைத்த இடத்தைப் பயன்படுத்தி, முதல் முறையாகக் காலிறுதிக்கு முன்னேறியது. அந்தப் பிள்ளைகளின் வரலாற்றுச் சாதனையைப் பார்க்க இருந்தவர் மிகச் சிலரே. சங்கத்தின் மீதான கோபத்துக்கு இவர்கள் எவ்வகையிலும் பொறுப்பல்லர். ரசிகருக்கு வராமல் இருப்பதைத் தவிர வேறு வாக்குச்சீட்டு இல்லை என்பதையும் மறுக்க முடியாது. இந்த இரண்டையும் ஒருசேர நியாயப்படுத்தும் வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

2027-ஆம் ஆண்டுக்கான இளையோர் ஐஸ் ஹாக்கிப் போட்டி மீண்டும் எட்மன்டனுக்கும் ரெட் டியருக்கும் வழங்கப்பட்டுள்ளது. 2026 டிசம்பர் 26 அன்று தொடங்கும். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை ஏழரை மணி. பாலக்காட்டு வயல்களில் அப்போது செவன்ஸ் பருவமும் தொடங்கியிருக்கும். திரையில் பார்ப்பவர்கள் கனடாவின் முதல் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டாம் மூன்றாம் நாள்களில் வேறு இரு நாடுகள் மோதும் ஆட்டத்தையும் சற்று நேரம் பார்க்கலாம். கேமராவுக்கு எதிரே உள்ள கீழ்வரிசையில் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கின்றன, அவர்களுக்கு முன்னால் இருக்கும் பலகைச் சுவரில் எந்தெந்தப் பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன என்பது அங்கே தெரியும்.